ஓடுபாதையில் கால் மைல்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அடுத்தது சென்னைதான் என்ற அச்சம் பரவவே, நகர மக்களில் பெரும்பகுதியினர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டனர். அந்த அச்சம் தென்னாட்டு மண்ணில் விட்டுச்சென்ற தடயங்கள் இன்றும் அழியவில்லை. அவற்றுள் இருவகைத் தடயங்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம்.

ஒன்று, நமது வட்டவடைக்கு மேலே இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரியைத் தொட்டு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு வந்த மலைப்பாதையை ஆங்கிலேய இராணுவம் அக்காலத்தில் சீர்படுத்தியது. பகைவர் கிழக்குக் கரையில் இறங்கிவிட்டால் மேற்கே கொச்சித் துறைமுகத்தை அடைவதற்கான வழி அது. 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர் அதனால் வந்தது. தப்பி ஓட வேண்டிய நாள் வரவேயில்லை. 1990இல் அந்தச் சாலை போக்குவரத்துக்கு மூடப்பட்டது. பின்னர் காடு அதை மெல்ல எடுத்துக்கொண்டது.

மற்றொன்று, சமவெளியில் அவசர அவசரமாகப் போடப்பட்ட விமான ஓடுபாதைகள். சென்னைக்கு வடக்கே சோழவரம், தெற்கே உளுந்தூர்பேட்டை, காரைக்குடிக்கு அருகே செட்டிநாடு, இன்னும் தெற்கே கயத்தாறு எனப் பல இடங்களில் அவை அமைந்தன. போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்ட, நேரான, வெறுமையான பாதைகள் மட்டும் வெயிலில் கிடந்தன. அவற்றுள் சோழவரத்து ஓடுபாதைக்குக் கிடைத்த மறுவாழ்வே இக்கட்டுரையின் பொருள். வங்கி இதழில் மோட்டார்ப் பந்தயம் எதற்கு என்று வாசகர் வினவலாம். வாகனக் கடன் மேசையில் அமர்ந்திருப்பவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

கைவிடப்பட்ட ஓடுபாதையில் வண்டியோட்டிப் பார்க்கும் ஆசை உலகெங்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் முளைத்தது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்ற இடம் போர்க்கால விமானத் தளம்; 1948இல் அங்கே பிரிட்டிஷ் கிராண்ட் பிரி நடந்தது. இன்று ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்குப் புகழ்பெற்ற அதே சில்வர்ஸ்டோன்தான். அமெரிக்காவில் கதை இன்னும் சுவையானது. போருக்குப் பின் கலிபோர்னியாவில் பழைய கார்களை வாங்கி, எஞ்சினைத் தாமே மாற்றியமைத்து, இரவில் பொதுச்சாலையில் போட்டியிடும் இளைஞர் கூட்டம் பெருகியது. விபத்துகளும் பெருகின. 1950ஆம் ஆண்டு ஜூலையில் சாண்டா அனா என்ற ஊரின் விமான நிலையத்தில், பயன்பாட்டில் இல்லாத ஓடுபாதை ஒன்றில், கட்டணம் வாங்கிக்கொண்டு முறையான 'டிராக் ரேஸ்' நடத்தத் தொடங்கினார்கள். இருவர் அருகருகே நிற்பார்கள். கொடி அசைந்தவுடன் புறப்பட்டு, கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் தூரத்தை முதலில் கடப்பவர் வெற்றி பெறுவார். வளைவும் இல்லை, சுற்றும் இல்லை. சில நொடிகளில் முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென ஒரு தேசிய சங்கத்தை நிறுவினார். 1954 முதல் அச்சங்கத்தினர் சிலர் ஒரு காரில் நேரங்காட்டும் கருவிகளை ஏற்றிக்கொண்டு நாடு முழுவதும் ஊர் ஊராகச் சென்றனர். உள்ளூர்க் காவல்துறையினரோடும் நகராட்சியினரோடும் பேசி, 'எங்களுக்கு ஒரு ஓடுபாதையைக் கொடுங்கள்; உங்கள் சாலையை உங்களுக்குத் திருப்பித் தருகிறோம்' என்ற வகையில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அக்குழுவில் காவல்துறைப் பணியிலிருந்து வந்தவர் ஒருவரும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1955இல் அவர்களின் முதல் தேசியப் போட்டி கான்சாஸ் மாநிலத்தில், போரின்போது பெரிய குண்டுவீச்சு விமானங்கள் நின்ற ஒரு தளத்தில் நடந்தது. மழை கெடுத்துவிட்டதால் இறுதிச் சுற்றை அரிசோனாவுக்கு எடுத்துச் சென்று முடித்தார்கள் என்பது வேறு கதை.

ஓடுபாதையை ஏன் தேடிப் போனார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு பொருத்தமான தேர்வு என்பது விளங்கும். விமானம் இறங்குவதற்காக நேராகவும் மட்டமாகவும் அகலமாகவும் போடப்பட்ட பாதை அது. இருபுறமும் மரம் இல்லை, மதகு இல்லை, தெருவோரக் கடை இல்லை. உள்ளே வருவதற்கு ஒன்றிரண்டு வழிகளே இருக்கும். ஆகவே ஆடுமாடுகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தடுத்துவிடலாம். கட்டுமானச் செலவு கிடையாது. கணக்கியல் படித்தவர்களின் மொழியில் சொன்னால், முதலீட்டுச் செலவை முழுவதும் போரே ஏற்றுக்கொண்டது. பராமரிப்பு மட்டும்தான் பந்தயக்காரர்களின் பொறுப்பு.

சென்னையில் 1953ஆம் ஆண்டு 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' தோன்றியது. நகரிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில், செங்குன்றத்தைத் தாண்டியதும் வரும் சோழவரத்து ஓடுபாதை அதன் களமாயிற்று. அங்கே பெரும்பாலும் நடந்தவை சுற்றுப் பந்தயங்கள்தாம். எனினும் அந்தக் களத்தின் உயிர்நாடி நீண்ட நேர்பாதை. அங்கே எஞ்சின் முழு மூச்சையும் விட்டு ஓடும். முந்துவதும் பிந்துவதும் அங்கேதான் தீர்மானமாகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாவில் வேகத்தின் மறுபெயர் சோழவரம் என்றால் மிகையாகாது.

ஓடியவை என்ன வண்டிகள்? இன்றைய இளைஞர் கேட்டால் நகைப்பார்கள். ஃபியட் 1100, அம்பாசடர், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பின்னாளில் கண்ணாடியிழை உடல் கொண்ட சிப்பானி டால்ஃபின். இரு சக்கரத்தில் திருவொற்றியூரின் என்ஃபீல்டு புல்லட், ஜாவா, எஸ்டி, 1980களில் ராஜ்தூத் 350. காலையில் அலுவலகத்துக்கும் மாலையில் கோயிலுக்கும் போகும் வண்டிகளே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் போயின. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. புதிய கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த காரைப் பந்தயத்தில் விடுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். வீட்டில் அனுமதி கேட்பதற்கு அதைவிடத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

சோழவரத்தை நேரில் கண்ட ஒருவரை வட்டவடையிலேயே சந்திப்போம் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. கோவிலூரில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் பெரியவர் அவர், எழுபதைக் கடந்தவர். பயிர்க்கடன் புதுப்பிப்பதற்கான களஆய்வுக்குச் சென்றிருந்தபோது, படிக்கட்டு வயல்களுக்கு மேலே உள்ள சாலையில் நான்கைந்து மோட்டார் சைக்கிள்கள் பெருஞ்சத்தத்துடன் பறந்தன. பெரியவர் தலையை நிமிர்த்திக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது வண்டியில ஜெட் சரியில்ல சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதாதா! ஆய்வு முடிந்த பின்பும் நாம் எழுந்திருக்கவில்லை.

இளம் வயதில் போடி வழியாக இறங்கிச் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். எழுபதுகளின் நடுப்பகுதி. "பொங்கல் கழிஞ்சா பட்டறையில வேற பேச்சே இருக்காது. முதலாளியோட சினேகிதங்க ரெண்டு பேரு சோழவரத்துல ஓட்டுவாங்க. மேஸ்திரியும் நாங்க மூணு பையங்களும் வண்டியிலயே போவோம்" என்றார். பந்தய வண்டியை ஏற்றிச் செல்ல லாரி எதுவும் கிடையாது. ஓட்டப்போகும் காரிலேயே ஸ்பானர் பெட்டி, பெட்ரோல் கேன், சோற்று மூட்டை எல்லாம் ஏறிவிடும். களத்தை அடைந்ததும் பின்னிருக்கை, பம்பர், மிதியடி, ஸ்டெப்னி எனக் கழற்றக்கூடியவை எல்லாம் கழற்றப்படும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது எளிய கணக்கு. முகப்பு விளக்கின் கண்ணாடி உடைந்து பாதையில் சிதறாதிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவார்கள். கதவில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதுவார்கள். மாலையில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, எண்ணை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அதே காரில் வீடு திரும்புவார்கள். "திங்கக்கிழமை காலையில அந்தக் காரு ஆபீசு வாசல்ல நிக்கும் சார். பாத்தா பசு மாதிரி இருக்கும்."

"நீங்களும் ஓட்டினீர்களா, ஐயா?" என்று கேட்டோம்.

"நான் ஸ்பானர் பிடிச்சவன் சார். ஓட்டறதுக்குக் காசு வேணும்."

அந்த விடையில் வருத்தம் தெரியவில்லை. வண்டியைத் தயார் செய்வதைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் கண்கள் ஒளிர்ந்தன. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தை லேத்தில் கொடுத்து மயிரிழையளவு சீவினால், எரிகலவை அடைபடும் இடம் குறுகி அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் இழுவை கூடும். அளவு மீறிச் சீவினால் எஞ்சின் 'நாக்' அடித்துப் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டால் பெட்ரோல் மிகுதியாகச் செல்லும். அதற்கேற்பக் காற்றும் செல்லாவிட்டால் பிளக் கறுத்து வண்டி திணறும். மோட்டார் சைக்கிளாக இருந்தால், பின்சக்கரத்துப் பற்சக்கரத்தைப் பெரிதாக மாற்றுவதுண்டு. புறப்பாடு சீறிக்கொண்டு வரும். ஆனால் உச்ச வேகம் குறையும். குறுகிய தூரத்துக்கு ஒரு சக்கரம், நீண்ட சுற்றுக்கு மற்றொரு சக்கரம். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே மேஸ்திரி நோயைச் சொல்லிவிடுவாராம். காப்பித்தூள் நிறம் இருந்தால் நலம், வெளுத்திருந்தால் ஆபத்து. இவை எதுவும் எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததல்ல.

அந்தக் களத்தின் சிறப்பு எது என்று கேட்டதற்கு, வேகம் என்றோ கூட்டம் என்றோ சொல்வார் என நினைத்தோம். சிறிது நேரம் யோசித்து, "பிரேக் பிடிக்க எடம் இருந்துச்சு சார்" என்றார். "வண்டி கட்டுப்பாடு தப்புனா அது பாட்டுக்குப் புல்லுக்குள்ள போயி நிக்கும். ஆளு எந்திரிச்சு வேட்டி... இல்ல, பேன்ட்டத் தட்டிக்கிட்டு வருவாரு."

எல்லா நாளும் அப்படி இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வேகப் பந்தயம் எங்கு நடந்தாலும் ஆபத்தானதே. இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையும் சோழவரத்தின் உடன்பிறப்புதான். பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கால விமானத் தளமாக இருந்து பின்னர் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்குப் பெயர் பெற்றது. கல்கத்தாக்காரர்களுக்குப் பராக்பூர் ஓடுபாதை வாய்த்தது. ஆனால் அதே இலங்கையில் 2024 ஏப்ரலில், மலைநகரமான தியத்தலாவையில் நடந்த பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும் உண்டு. அது ஓடுபாதையன்று, பந்தயத்துக்கெனவே அமைந்த களம். அனுமதியுடன் நடந்த போட்டி. கார் விலகியபோது அது நிற்பதற்கான வெற்றிடத்தில் மனிதர்கள் நின்றிருந்தனர். பெரியவர் சொன்ன 'எடம்' எத்தகைய பொருள் என்பது இத்தகைய நாட்களில்தான் தெரிகிறது.

சோழவரத்தின் இறுதிக் காலத்தில் கோயம்புத்தூர்க்காரர்களின் கை ஓங்கியது. அவர்களுள் சுந்தரம் கரிவரதன் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1954இல் ஒரு மில் குடும்பத்தில் பிறந்த அவர் தாமே ஓட்டினார். தாமே பந்தயக் கார்களை வடிவமைத்தும் கட்டினார். 1983 இறுதியில் மாருதி 800 சந்தைக்கு வந்ததும், அதன் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வீட்டுக்குப் பால் வாங்கப் போகும் காரின் எஞ்சின் அது! செலவு கட்டுக்குள் இருந்ததால், செல்வந்தர் அல்லாத இளைஞர்களும் ஒற்றை இருக்கைக் காரில் அமர முடிந்தது. கரிவரதன் 1995இல் வான்வழி விபத்தில் மறைந்தார். இன்று கோவை செட்டிப்பாளையத்திலுள்ள 2.1 கிலோமீட்டர் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வகுத்த வழியில் வந்த தலைமுறையிலிருந்துதான் கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2010இல் சென்னையின் கருண் சந்தோக் அவரைத் தொடர்ந்தார்.

எனினும் நம்மை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. சோழவரம் கிளப்புக்குச் சொந்தமான நிலம் அன்று. ஒவ்வோர் ஆண்டும் அனுமதி கேட்டுத்தான் அங்கே போட்டி நடத்த வேண்டும். கிடைக்காத ஆண்டில் பந்தயம் இல்லை. இரவல் பாதையில் எவ்வளவு காலம் ஓடுவது? ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கெனத் தடம் அமைத்தது. 1990இல் அது திறக்கப்பட்டது. 3.7 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஓர் அமெச்சூர் சங்கம், தன் பெயரில் ஒரு முழுப் பந்தயத்தடத்தையே சொத்தாகக் கொண்டிருப்பதை இந்தியாவில் வேறெங்கே காண முடியும்? சொந்த வீடு கட்ட முனையும் வாடிக்கையாளர்களைத் தினந்தோறும் சந்திக்கும் நமக்கு, இந்தச் சாதனையின் அருமை எளிதில் புரிகிறது. கோப்பைகளின் பட்டியலைவிட இதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

இனி, முன்பு சொன்ன காரணத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை நம் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். மகனின் சேமிப்புக் கணக்கை முடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் கடனில் எஞ்சியதைக் கட்ட வேண்டும். இறப்புச் சான்றிதழை உறையிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். விடியற்காலையில் நண்பர்களோடு புறவழிச்சாலையில் யார் வேகம் என்று பார்த்திருக்கிறார்கள்; எதிரே ஒரு டிராக்டர் திரும்பியிருக்கிறது. பையனுக்கு இருபத்திரண்டு வயது. கடனில் ஏழு தவணைகள் மட்டுமே கட்டப்பட்டிருந்தன. வண்டிக்கான காப்பீட்டுக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டிருந்தது. "வண்டி போகட்டும் சார், அந்தக் கடுதாசியில என் பையன் பந்தயம் விட்டான்னு எழுதியிருக்காங்களே" என்றுதான் அவர் வருந்தினார்.

வாகனக் காப்பீட்டு ஆவணத்தில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்றொரு பகுதி உண்டு. பெரும்பாலானோர் படிப்பதில்லை. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு பொருந்தாது என்று அதில் அச்சிட்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். வயது வராத பிள்ளை இத்தகைய குற்றம் புரிந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவார்; 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம், வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். பிள்ளை கேட்டான் என்று தந்தை தம் பெயரில் கடன் வாங்கிக் கொடுக்கும் வண்டிகளை நாம் நிறையப் பார்க்கிறோம். ஆகவே இதைத் தனியே குறிப்பிட்டோம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 33 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த நல்ல சாலையில், நல்ல டயருடன், அதன்பின் நிற்பதற்கு மேலும் ஏறத்தாழ 90 மீட்டராவது தேவை. மொத்தம் 120 மீட்டருக்கு மேல். டாப் ஸ்டேஷனிலிருந்து வட்டவடைக்கு வரும் சாலையில் 50 மீட்டர் நேர்வழி கிடைப்பதே அரிது. அங்கே மூடுபனி, ஈரம், காட்டெருமை, கேரட் மூட்டை ஏற்றிய ஜீப் எல்லாம் உண்டு. வார இறுதியில் சமவெளியிலிருந்து வருவோர் அந்தச் சாலையில் காட்டும் வேகத்தைக் கண்டு கோவிலூர்ப் பெண்கள் பிள்ளைகளை வாசலுக்கு விடாமல் கதவைச் சாத்துகிறார்கள்.

நம் இடுக்கி மாவட்டத்திலும் ஓர் ஓடுபாதை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வண்டிப்பெரியாற்றுக்கு அருகே சத்திரம் என்ற இடத்தில், தேசிய மாணவர் படையினரின் விமானப் பயிற்சிக்காக மலையுச்சியைச் சமன்செய்து அமைக்கப்பட்டது. 2022 டிசம்பர் முதல் நாளன்று அங்கே முதல் சிறுவிமானம் இறங்கியது. நீளம் 650 மீட்டர். நண்பர் ஒருவர், "அங்கே கால் மைல் பந்தயம் வைக்கலாமே" என்றார். 402 மீட்டர் ஓட்டத்துக்குப் போக, நிற்பதற்கு எஞ்சுவது 248 மீட்டர்; அதற்கப்பால் பள்ளத்தாக்கு. சக்தி மிக்க இன்றைய வண்டிகளுக்கு அது போதவே போதாது. தவிர, அந்தப் பாதையில் ஓட வேண்டியது மாணவர்களின் விமானம்.

வேகத்தின் மீது ஆசை உள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு, போட்டியில் பங்கேற்போருக்கு உரிமம் வழங்குகிறது. இரு சக்கர வாகனங்களுக்குத் தேசிய டிராக் பந்தயப் போட்டியும் நடக்கிறது. தலைக்கவசம், தோலுடை, கையுறை, மருத்துவ ஊர்தி என விதிகள் கண்டிப்பானவை. வட்டவடையிலிருந்து செட்டிப்பாளையத்துக்கு மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை வழியாக ஒரே நாளில் போய்ச் சேரலாம். போகும் முன் கடன் பத்திரத்தையும் காப்பீட்டு ஆவணத்தையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு ஒருமுறை வந்தால், களத்தில் ஓட்டும் வண்டிக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை வரிவரியாக எடுத்துச் சொல்கிறோம். சோழவரத்துக் காலத்தைப் போல ஓட்டிய வண்டியிலேயே வீடு திரும்பும் எண்ணம் இருந்தால், கழற்றிய விளக்குகளையும் கண்ணாடிகளையும் மறவாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். சின்னாறு சோதனைச் சாவடியில் அவற்றையும் பார்ப்பார்கள்.